பாஞ்சோக்காரரும் பாய்க்கப்பலும்: இந்தக் கிழமை கேள்வி பதில்

போன கிழமை ஒரு தங்கச்சி, பீட் சீகர் எண்டால் ஆர் எண்டு கேட்டிருந்தா. இடம் காணாமல் "அமெரிக்க நாட்டார் பாடகர், பாஞ்சோ வாசிச்சவர், ஆத்தைச் சுத்தமாக்கப் போய்க் கப்பல் கட்டினவர்" எண்டு ஒரே வரியில முடிச்சிட்டன். அந்த ஒரு வரி இப்பிடி வினையா வந்து நிக்குமெண்டு நான் நினைக்கேல்லை. காணாது எண்டு கோவிச்சவையும் இருக்கினம், பாட்டால ஆறு கழுவுறது எந்த ஊரில எண்டு நக்கலடிச்சவையும் இருக்கினம். சரி, இந்தக் கிழமை விசா, சுகர், சாதகப் பொருத்தக் கேள்வியள் எல்லாம் கொஞ்சம் பொறுத்திருக்கட்டும். பேர் போடவேண்டாம் எண்டு கனபேர் கேட்டபடியால் எல்லாருக்கும் ஊர் மட்டும்தான்.

வெள்ளவத்தையிலயிருந்து ஒரு அம்மா: மகள் பொப் டிலான்ர கதையை வச்சு எடுத்த படத்தைப் பாத்திட்டு வந்து, அதில வாற பாஞ்சோ மனுசன் டிலான் பாடேக்க கோடாலி எடுத்து வயரை வெட்டப் போனவராம் எண்டு சொல்றா. உண்மையோ? அவ்வளவு பொறாமையோ?

பொறாமை எண்டு சொல்ல ஏலாது அக்கா, கோவம் எண்டு சொல்லலாம். 1965 ஜூலை 25, நியூபோர்ட் நாட்டார் இசை விழா. டிலான் எலக்ட்ரிக் கிட்டாரோட ஒரு பாண்டையும் கூட்டிக்கொண்டு மேடையில ஏற, சவுண்ட் இரைஞ்ச இரைச்சலில பாட்டில ஒரு சொல்லும் விளங்கேல்லை. கோடாலி இருந்தால் அந்த வயரை இப்பவே வெட்டுவன் எண்டு சீகர் கத்தினது உண்மை, பிறகு அவரே அதை ஒத்துக்கொண்டிருக்கிறார். கோடாலி கையில இருந்தது எண்டுறது சனம் பிறகு ஒட்டின வால்.

எலக்ட்ரிக் எண்டதில எனக்குப் பிரச்சினையில்லை, சொல்லு கேக்காததுதான் பிரச்சினை எண்டு மனுசன் பிறகு விளக்கம் சொன்னவர். நான் அதில பாதியைத்தான் நம்புறன். அந்தப் பாதியையும் ஏன் நம்புறன் எண்டால், அவரிட கொன்சேர்ட் ரெக்கோர்டிங் ஒண்டைப் போட்டுக் கேட்டுப் பாருங்கோ. ஒரு வரி முடிஞ்சு மூச்சு விடுற அந்தச் சின்ன இடைவெளிக்குள்ள அடுத்த வரியைக் கடகடவெண்டு சொல்லிக் குடுத்திடுவார், ஹோலில இருக்கிற சனம் அதைப் பிடிச்சுப் பாடும். கோயில் பஜனையில முன்னுக்கு இருக்கிற ஐயா எடுத்துக் குடுக்க நாங்கள் வாங்கிப் பாடுறமே, அதே விளையாட்டுத்தான். பிறகு சனத்தைப் பிரிச்சு, நீங்கள் கீழ பாடுங்கோ, நீங்கள் மேல பாடுங்கோ எண்டு ரெண்டு மூண்டு சுருதியில கோர்த்து விடுவார், முன்னப்பின்ன பாட்டே பாடாத ஆளும் வெளியில வரேக்க நானும் பாடினன் எண்டு சொல்லிக்கொண்டு வரும். அப்பிடி வேலை செய்யிற ஆளுக்கு சொல்லு விளங்காத பாட்டு எண்டால் என்ன மாதிரி இருந்திருக்கும் எண்டு யோசியுங்கோ.

உண்மையைச் சொன்னால் அவரிட குரல் பெரிய குரலே இல்லை. மெல்லிசு. கடைசிக் காலத்தில அதுவும் போட்டுது. போனாப்பிறகும் கொன்சேர்ட் நடந்தது, அவர் வரியைச் சொன்னார், சனம் பாடிச்சு.

தெமட்டகொடையிலயிருந்து ஒருத்தர்: எங்கட வாப்பாட்ட ஒரு பாஞ்சோ ஈந்திச்சு. டைப்ரைட்டர் மாதிரி பட்டன் அமத்தி அமத்தி வாசிப்பாரு. கலியாண வீட்டுக்கெல்லாம் கொண்டு போவாரு. நீங்க சொல்ற ஆள் வாசிச்சதும் அதுதானா?

இல்லை நானா, பேர்தான் ஒண்டு, சாமான் வேற. வாப்பா வச்சிருந்தது புல்புல் தரங் எண்டுறது, அதின்ர தாய்வீடு ஜப்பான். அங்க 1912இல கண்டுபிடிச்ச ஒரு பட்டன் வாத்தியம் இந்தியாப் பக்கம் வந்து பேர் மாறி, எங்கட பக்கம் பாஞ்சோ எண்டே நிண்டிட்டுது. பழுதாகாமல் வீட்டில இன்னும் கிடந்தால் தயவுசெய்து பழைய இரும்புக்காரனுக்குக் குடுத்திடாதீங்கோ.

சீகர் வாசிச்சது வட்ட மேளத்துக்கு நீட்டுக் கழுத்து வச்ச மாதிரி ஒண்டு. மேற்கு ஆபிரிக்காவிலயிருந்து அடிமையாக் கொண்டுபோன சனம் நினைவில வச்சுச் செய்த வாத்தியம், பிறகு வெள்ளைக்காரர் முகத்தில கரி பூசிக்கொண்டு அந்தச் சனத்தையே பகிடி பண்ணுற கூத்துக்கும் அதைத்தான் தூக்கினவை. சீகர் 1936இல வட கரோலினாவில ஒரு நாட்டார் விழாவில அஞ்சு நரம்புப் பாஞ்சோவைக் கேட்டு விழுந்தவர்தான், பிறகு எழும்பேல்லை. தன்ர சுருதிக்குக் காணாது எண்டு கழுத்தை இன்னும் நீட்டி ஒண்டு செய்விச்சார். அந்த மேளத் தோலைச் சுத்தி வட்டமா, இந்த இயந்திரம் வெறுப்பைச் சுத்தி வளைச்சுச் சரணடைய வைக்கும் எண்டு எழுதியிருந்தவர். அவரிட கூட்டாளி வுடி கத்ரி தன்ர கிட்டாரில எழுதினது, இந்த இயந்திரம் பாசிஸ்ட்டுகளைக் கொல்லும் எண்டு. ரெண்டு பேரிட குணமும் அந்த ரெண்டு வரியிலயே இருக்கு.

கொட்டாஞ்சேனையில இருந்து, வயசு 24: கோல் சென்டர்ல வேலை செய்றேன். நைட்ல பாட்டு எழுதுறேன், கடலு, குப்பை, ஆறுன்னு. நானே டியூன் போட்டு போன்ல ரெக்கோட் பண்ணி வச்சிருக்கேன். வேலைய விட்டுட்டு முழுசா எறங்கிரலாமான்னு யோசிக்கிறேன். அப்பா ஏசுறாரு. சீகர் எப்புடி சாப்பிட்டாரு?

நல்ல கேள்வி தம்பி. இந்த ஒரு கேள்விக்காகத்தான் நான் மற்றதெல்லாத்தையும் தள்ளி வச்சனான்.

சீகர் 1919இல பிறந்தவர், தகப்பன் இசை ஆராய்ச்சிக்காரன், தாய் வயலின் ரீச்சர், எண்டபடியால் தொடக்கத்தில எங்களைப்போல வெறுங்கையில்லை. ஹாவர்ட் யூனிவர்சிட்டியை 1938இல பாதியில விட்டிட்டார். பத்திரிகைக்காரனாகப் பாத்தார், ஒருத்தரும் எடுக்கேல்லை. பிறகு வாஷிங்டனில காங்கிரஸ் எண்ட அமெரிக்கப் பாராளுமன்றத்திட நூலகத்தில அலன் லோமாக்ஸ் எண்டவருக்குக் கீழ பழைய நாட்டார் பாட்டு இசைத்தட்டுகளைத் தரம் பிரிக்கிற வேலை, கிழமைக்கு 15 டொலர். அந்த வேலையைத்தான் நான் அவரிட உண்மையான யூனிவர்சிட்டி எண்டு சொல்லுவன். ஆயிரக்கணக்கான பாட்டு காதுக்குள்ள போச்சுது. 1940இல வுடி கத்ரியைச் சந்திச்சு அவரோட றோட்டு றோட்டாத் திரிஞ்சார். யுத்தம் வர ஆமிக்குப் போனார். 1943இல லீவில வந்து டோஷியைக் கலியாணம் முடிச்சார்.

காசு எண்டு கண்டது 1950இல. வீவர்ஸ் எண்டு நாலு பேர் சேர்ந்த குழு, லெட் பெல்லி எண்ட கறுப்பினப் பாடகரிட பாட்டு ஒண்டைப் பாடி அது 13 கிழமை தொடர்ந்து அமெரிக்காவில முதலாம் இடத்தில நிண்டது. (லெட் பெல்லி அதுக்கு முந்தின வருசக் கடைசியிலதான் செத்துப்போனவர், ஒரு சதம் காணாமல்.) அடுத்த ரெண்டு மூண்டு வருசத்துக்குள்ள கொம்யூனிஸ்ட் எண்டு பட்டியலில பேர் வந்திட்டுது, றேடியோ, ரீவி, ஹோட்டல் எல்லாம் கதவைப் பூட்டிப்போட்டினம், குழு கலைஞ்சுது. பிறகு திரும்பச் சேர்ந்தும் 1958இல அவர் விலகிட்டார், காரணம் மற்ற மூண்டு பேரும் சிகரட் விளம்பரத்துக்குப் பாடச் சம்மதிச்சது. தான் அதில ஒருக்காப் பாடிக் குடுத்திட்டுத்தான் விலகினவர், அதையும் சொல்லவேணும்.

இதுக்குள்ள சாப்பாட்டுக்கு என்ன செய்தவர்? பள்ளிக்கூடம். பிள்ளையளிட கோடைகால முகாம். கொலிஜ். ரீவியில விடாத ஆளைச் சின்னப் பிள்ளையளுக்குப் பாட விட்டால் என்ன வரப்போகுது எண்டு ஒருத்தரும் பெரிசா எடுக்கேல்லை, அந்தப் பிள்ளையள்தான் பத்து வருசத்தில வளந்து அறுபதுகளில கிட்டாரோட வீதிக்கு இறங்கின பரம்பரை. தடை போட்டவங்களே அவருக்கு ரசிகர் மன்றம் கட்டிக் குடுத்த மாதிரிப் போச்சு.

ஆனா தம்பி, இந்தக் கதையில ஒரு ஆள் ஒளிஞ்சிருக்கிறா. பீக்கன் எண்ட ஊரில ஹட்சன் ஆத்துக்கு மேல மலைச்சரிவில சீகர் தன்ர கையால மரக்குத்தி அடுக்கி வீடு கட்டினவர், அதை எல்லாரும் எழுதுவினம். அந்த வீட்டில தொடக்கத்தில கரண்டும் இல்லை, குழாய்த் தண்ணியும் இல்லை. சின்னப் பிள்ளையளை வச்சுக்கொண்டு தண்ணி அள்ளி, விறகு அடுப்பில சமைச்சு, அதுக்கு மேல அவருக்குக் கொன்சேர்ட் பிடிச்சு, கணக்குப் பாத்து, போக்குவரத்து ஒழுங்கு செய்தது டோஷி. உமக்கு ஒரு டோஷி வருவா எண்ட நம்பிக்கையில வேலையை விடாதீர், வாற பிள்ளைக்கும் அது பாவம்.

என்ர யோசனை இதுதான், விட வேண்டாம் இப்ப. லீவு நாளில பள்ளிக்கூடங்களுக்குப் போம், சனசமூக நிலையங்களுக்குப் போம், காசு கேக்காமல் பத்து இடத்தில பாடும். போனில ரெக்கோட் பண்ணினது நல்லா இருக்கோ எண்டு போனுக்குத் தெரியாது. பத்தாவது இடத்தில பிள்ளையள் உம்மட வரியை உமக்கு முன்னம் பாடினால் எனக்கு எழுதும், அப்ப அப்பாவோட நான் கதைக்கிறன்.

தெஹிவளையிலயிருந்து ஓய்வுபெற்ற ரீச்சர் ஒருவர்: அவர் உண்மையிலேயே கொம்யூனிஸ்ட்டா, அல்லது சும்மா பழி போட்டினமா?

உண்மையிலேயே கட்சியில இருந்தவர் சேர். 1940களில சேர்ந்து அந்தப் பத்தாண்டு முடியிற காலத்தோட விலகினவர். 1941இல அவரிட முதல் குழு அமெரிக்கா யுத்தத்துக்குப் போகக்கூடாது எண்டு பாட்டுப் பாடி இசைத்தட்டு விட்டது, ஜூன் மாசம் ஹிட்லர் சோவியத்துக்குள்ள இறங்கினவுடன அந்தத் தட்டைத் திருப்பி எடுத்துப்போட்டு யுத்தத்துக்கு ஆதரவாப் பாடினவை. எனக்கு இது எப்பவும் உறுத்துற இடம். கட்சி திரும்பின பக்கம் பாட்டும் திரும்பினால் அது பிறகு என்ன பாட்டு? ஸ்டாலின் செய்த அநியாயத்தைத் தான் நேரத்துக்குக் காணேல்லை எண்டு வயசுபோன காலத்தில மன்னிப்பும் கேட்டிருக்கிறார். பிந்தின மன்னிப்புத்தான், ஆனா கேட்டார், கேளாத எத்தினை பேரை எங்களுக்கும் தெரியும்.

ஆனா 1955 ஓகஸ்டில நடந்தது வேற சங்கதி. காங்கிரஸ் விசாரணைக் குழு கூப்பிட்டு, ஆரோட பாடினனீ, எங்க பாடினனீ எண்டு கேக்குது. அந்தக் காலத்தில கூப்பிடப்பட்ட ஆக்கள் கனபேர், என்னை நானே மாட்டிவிடமாட்டன் எண்டு அமெரிக்க அரசியலமைப்பிட 5வது திருத்தத்தைச் சொல்லித் தப்பினவை. அது சட்டப்படி பாதுகாப்பான வழி. இவர் அதைத் தொடேல்லை. என்ர நம்பிக்கை, என்ர வாக்கு, நான் ஆரோட பழகினன் எண்டதெல்லாம் கேக்கிறது எந்த அமெரிக்கனிட்டயும் கேக்கக்கூடாத கேள்வி, வேணுமெண்டால் நான் பாடின பாட்டுகளைப் பற்றிச் சொல்றன், இஞ்சயே பாடியும் காட்டுறன் எண்டவர். பாட விடேல்லை. 1957இல வழக்கு, 1961இல ஒரு வருசச் சிறை எண்டு தீர்ப்பு, 1962இல மேல் நீதிமன்றம் குற்றப்பத்திரத்திலயே பிழை எண்டு தள்ளிப்போட்டுது. வழக்கு இழுபட்ட அந்த அஞ்சு வருசமும் ஆளுக்கு வெளியூர் போறதெண்டால் முதல் அறிவிக்கவேண்டியும் வந்தது. பட்டியலில பேர் வாறது, பெர்மிட் இல்லாமல் நகர ஏலாமல் இருக்கிறது எல்லாம் எப்பிடி எண்டு உங்களுக்கும் எனக்கும் ஒருத்தரும் வகுப்பு எடுக்கத் தேவையில்லை சேர்.

பெரிய ரீவியில திரும்ப முகம் காட்டினது 1967 செப்டம்பரில. ஒரு கப்டன் ஆழம் பாக்காமல் ஆமிப் பொடியளை ஆத்துக்குள்ள நட நட எண்டு இறக்கிற பாட்டு ஒண்டு பாடினார். வியட்நாமைத்தான் சொல்றார் எண்டு விளங்கினவுடன நிலையம் அந்தப் பாட்டை மட்டும் வெட்டிப்போட்டுது. நிகழ்ச்சி நடத்தினவை சத்தம் போட்டுப் போட்டு, அடுத்த பெப்ரவரியில நிலையம் அதை ஒளிபரப்பிச்சுது.

கிருலப்பனையில இருந்து ஒரு அக்கா: எங்க ஆத்தா கொழுந்து எடுக்கயில பாடுன பாட்ட, இப்ப ஆரோ மேடையில பாடி பேரு வாங்குறாங்க. சீகரும் அடுத்தவங்க பாட்டத்தானே பாடுனாரு? அவங்களுக்கு என்ன குடுத்தாரு?

சுடுகிற கேள்வி அக்கா. நல்லதும் இருக்கு, கெட்டதும் இருக்கு, கெட்டதை முதல் சொல்றன்.

சொலமன் லிண்டா எண்டு தென்னாபிரிக்காவில ஒரு சூலு பாடகர். 1939இல ஜொகனஸ்பேர்க்கில சிங்கத்தைப் பற்றி ஒரு பாட்டை ரெக்கோட் பண்ணினார், அதின்ர உரிமையை 10 சில்லிங்குக்குக் குடுத்திட்டார். அந்தத் தட்டு லோமாக்ஸ் மூலம் சீகரிட கைக்கு வந்தது. சொல்லை இவர் பிழையாக் கேட்டு, "உயிம்பூபே" எண்டதை "விமோவே" எண்டு எழுதி, வீவர்ஸ் பாடி, அது ஊரெல்லாம் ஓடிச்சுது. உரிமைப் பத்திரத்தில பேர் ஆரெண்டு பாத்தால் போல் கெம்பல். அப்பிடி ஒரு மனுசனே பிறக்கேல்லை, கம்பனிக்காரர் வச்ச கற்பனைப் பேர். சீகர் லிண்டாவுக்கு 1,000 டொலர் அனுப்பினவர், தொடர்ந்தும் போகவேணும் எண்டு கம்பனிக்குச் சொன்னவர், போச்சுதா எண்டு கவனமாப் பாக்கேல்லை. அதைத் தன்ர பிழை எண்டும் பிறகு ஒத்துக்கொண்டவர். லிண்டா 1962இல வறுமையில செத்தார். அந்தக் குடும்பத்துக்கு வழக்கு வச்சு ஏதோ கிடைச்சது 2006இல.

நல்லது எண்டால், வீ ஷால் ஓவர்கம். எங்கட பள்ளிக்கூட முகாமில கையைக் கோர்த்துக்கொண்டு பாடி அழுதனாங்களே, அது சீகர் எழுதினது எண்டு கனபேர் நினைக்கினம். இல்லை. கறுப்பினச் சனத்திட தேவாலயத்திலயிருந்து வந்து, 1945இல புகையிலைத் தொழிற்சாலைப் பெண்கள் வேலைநிறுத்தத்தில பாடின பாட்டு. சீகர் அதில சில வரி சேர்த்துப் பரப்பினவர். உரிமையில அவரிட பேரும் வந்தது, ஆனா காசை அவரும் மற்றவையும் எடுக்காமல் கறுப்பினச் சமூகங்களிட வேலைக்கு ஒரு நிதி வச்சு அதுக்குள்ள விட்டிட்டினம். உங்கட ஆத்தாவிட பாட்டுக்கும் அப்பிடி ஒண்டு செய்யலாம். மலையகக் கவிஞர் சி.வி. வேலுப்பிள்ளை லயம் லயமாப் போய்ச் சேர்த்திருக்காட்டில் மிச்சமிருக்கிறதும் இருந்திராது, எண்டபடியால் சேர்க்கிறவனை நான் குறை சொல்லமாட்டன். பாடுறவன் மேடையில ஒரு வார்த்தை, இது இந்தத் தோட்டத்தில இன்ன அம்மா பாடினது எண்டு சொல்லட்டும். அதுக்கு ஒரு சதமும் செலவில்லை. நீங்கள் ஆத்தாவைப் போனில ரெக்கோட் பண்ணிட்டீங்களோ? இண்டைக்கே செய்யுங்கோ.

மட்டக்குளியிலயிருந்து, நக்கலடிச்ச அந்த அண்ணை: பாட்டால ஆறு கழுவின கதையைச் சொல்லுங்கோ பாப்பம். எங்கட வீட்டுக்குப் பின்னால களனி ஓடுது, நாங்களும் பாடிப் பாக்கிறம்.

அண்ணை, பாட்டால ஆறு கழுவ ஏலாது. அதை அவரே சொல்லுவார். நடந்ததைச் சொல்றன்.

ஹட்சன் 507 கிலோமீட்டர், உங்கட களனி 145. அறுபதுகளில நியூயோர்க் நகரத்து மலசலமும் மேல இருக்கிற ஊர்களிட மலசலமும் நேர ஆத்துக்குள்ள. கரையில ஒரு கார் தொழிற்சாலை, அண்டைக்கு என்ன கலர் கார் பெயின்ற் அடிக்கினமோ ஆறும் அந்தக் கலர் எண்டு ஊரில கதை. சீகர் தன்ர சின்னப் படகில போனால் சுத்திவர மிதக்கிறதைப் பாக்க ஏலாது. அந்த நேரம் ஒரு சிநேகிதன் குடுத்த பழைய புத்தகத்தில, நூறு வருசத்துக்கு முன்னம் அந்த ஆத்தில ஓடின பாய்க்கப்பல்களைப் பற்றி வாசிக்கிறார். அப்பிடி ஒண்டைத் திரும்பக் கட்டினால் என்ன எண்டு தொடங்கி, ஊர் ஊராப் பாடிக் காசு சேர்த்து, 1969 மே மாசம் மெயின் மாநிலத்தில 106 அடி நீளத்தில ஒரு கப்பல் தண்ணியில இறங்குது. பேர் கிளியர்வோட்டர், தெளிஞ்ச தண்ணி.

பைத்தியம் எண்டவை. ஆறு நாறுது, இவன் கப்பல் கட்டுறான் எண்டு. கொம்யூனிஸ்ட்டிட கப்பல் எண்டு சில ஊரில முகம் குடுக்கவும் இல்லை. நானும் முதல் வாசிக்கேக்க இதென்ன பணக்கார விளையாட்டு எண்டுதான் நினைச்சன். ஆனா யோசிச்சுப் பாருங்கோ, ஹட்சன் கரைச் சனம் ஆத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு வாழ்ந்த சனம். எங்களைப் போல. கொழும்பில குழாயைத் திறந்தால் வாறது கனபேருக்கு அம்பத்தளையில இறைச்ச களனித் தண்ணிதான், ஆனா களனியைக் கடைசியா எப்ப பாத்தனீங்கள் எண்டு வெள்ளவத்தையில நாலு பேரைக் கேட்டால் பாலத்தில ட்ரபிக்கில நிக்கேக்க எண்டுதான் சொல்லுவினம். பாக்காத ஆத்துக்கு ஆர் சண்டை பிடிப்பினம்?

கப்பலில பள்ளிக்கூடப் பிள்ளையளை ஏத்தினவை. ஒரு வலையைப் போட்டு இழுத்து, வந்த மீனை வாளியில விட்டுக் காட்டி, பேர் சொல்லி, திரும்ப விட்டவை. இந்த ஊத்தைக்குள்ளயும் மீன் இருக்கோ எண்டு பிள்ளையளுக்கு ஆச்சரியம். அதுக்கு முதல் பாய் ஏத்தவேணும். பெரிய பாய், மோட்டர் இல்லை, கயிறு ரெண்டு பக்கமும் வரிசையா நிண்டு பிள்ளையள்தான் இழுக்கவேணும், ஒரே நேரத்தில இழுக்காட்டில் அசையாது, ஒரே நேரத்தில இழுக்கிறதெண்டால் பாட்டு வேணும்.

இந்த இடம் வந்தவுடன எனக்குக் கரைவலைதான் ஞாபகம் வரும். சின்ன வயசில கல்லடிக் கடற்கரையில விடியப்புறம் அப்பாவோட நிண்டு பாத்தனான், இருபது முப்பது பேர் ரெண்டு கயித்திலயும் பிடிச்சு, ஒரு கிழவர் அம்பா எடுத்துக் குடுக்க மற்றவை ஏலேலோ எண்டு வாங்கேக்க குதிக்கால் மணலுக்குள்ள புதைஞ்சு கயிறு ஒரு முழம் வரும், பிறகு கிழவர் அடுத்த அடி, பிறகு ஒரு முழம். அந்தப் பாட்டில பாதி ஆரோ ஒருத்தரிட மாமியாரைப் பற்றின பகிடி. பிறகு கன இடத்தில ட்ரக்டரில விஞ்ச் பூட்டி இழுக்கத் தொடங்கிட்டினம். ட்ரக்டருக்கு அம்பா தேவையில்லை.

சரி, ஆறு. பெரிய மாற்றம் வந்தது 1972இல, ஜனாதிபதி நிக்சன் வேண்டாமெண்டு தடுத்தும் காங்கிரஸ் நிறைவேத்தின சுத்த நீர்ச் சட்டத்தால. அரசாங்கம் காசு போட்டு மலசல சுத்திகரிப்பு நிலையங்கள் கட்டிச்சுது, ஆறு கண்ணுக்குத் தெளிஞ்சுது. கண்ணுக்குத் தெரியாதது மிஞ்சிச்சு. ஜெனரல் எலக்ட்ரிக் கம்பனி 1947இலயிருந்து 1977 வரைக்கும் ரெண்டு தொழிற்சாலையிலயிருந்து பிசிபி எண்ட இரசாயனத்தை ஆத்துக்குள்ள விட்டது, 13 லட்சம் இறாத்தல் வரை எண்டு மதிப்பு. அது சேத்தில போய்ப் படுக்கும், மீனில ஏறும். 1976இல மீன்பிடிக்கே தடை வந்தது. சேத்தைத் தோண்டு எண்டு சீகரிட அமைப்பும் மற்ற அமைப்புகளும் கேட்டுக் கேட்டு, கம்பனி இழுத்து இழுத்து, தோண்டத் தொடங்கினது 2009இல, முடிஞ்சது 2015இல. சீகர் அதுக்கு முதல் வருசமே செத்துப்போனார். இண்டைக்கும் அந்த ஆத்து மீனைச் சாப்பிடுறதுக்கு எச்சரிக்கை இருக்கு.

இப்ப கணக்குப் பாருங்கோ அண்ணை. சட்டம், விஞ்ஞானி, வக்கீல், வரிக்காசு, நாப்பது வருசம். பாட்டு செய்தது, அந்த நாப்பது வருசமும் கூட்டத்துக்கு ஆள் வரப் பண்ணினது. கூட்டத்துக்கு ஆள் சேர்க்கிறது லேசு எண்டு நினைக்கிற ஆள், ஒருநாள் உங்கட ஒழுங்கையில வாய்க்கால் பிரச்சினைக்கு ஒரு கூட்டம் வச்சுப் பாக்கட்டும்.

வெள்ளவத்தைக் கடற்கரையைச் சுத்தப்படுத்துற ஒரு இளைஞர் குழு: நாங்கள் ஞாயித்துக்கிழமையில பீச் கிளீனப் செய்யிறம். ஸ்பீக்கர் வச்சுப் பாட்டுப் போடலாமோ?

ஸ்பீக்கர் வேண்டாம், பக்கத்து பிளட்டில நைட் டியூட்டி முடிச்சுப் படுக்கிற சனமிருக்கு. நீங்களே பாடுங்கோ.

2021 மே மாசம் எக்ஸ்பிரஸ் பேர்ள் கப்பல் கொழும்புக்கு வெளியில எரிஞ்சு, ஜூனில தாண்டுபோகேக்க, ஏறக்குறைய 1,680 தொன் பிளாஸ்டிக் மணி அதில இருந்தது. சரக்குவ கடற்கரைக்கு நாங்கள் சிலபேர் போனது கொஞ்ச மாசம் கழிச்சு. வீட்டில மா அரிக்கிற அரிதட்டைக் கொண்டுபோய் மணலை அள்ளிப்போட்டு அரிச்சம். பருப்பு அளவில வெள்ளை வெள்ளையா மணி, மணல் கீழ விழும், மணி மேல நிக்கும், ஒரு அடி தள்ளி அள்ளினால் திரும்பவும் அதே அளவு. முதல் அரை மணித்தியாலம் எல்லாரும் போட்டோ எடுத்தம். பிறகு ஒருத்தரும் கதைக்கேல்லை, இடுப்பு நோ. அப்ப பக்கத்தில அரிச்சுக்கொண்டிருந்த சிங்கள அம்மா ஒருவர் மெல்லமா ஒரு தேவாலயப் பாட்டு எடுத்தா, மெட்டு எங்களுக்கும் தெரிஞ்ச மெட்டு, சொல்லு தெரியாது, நாங்கள் தமிழில முணுமுணுத்தம். ரெண்டு மணித்தியாலம் போனது தெரியேல்லை. நான் கொண்டுபோன அரிதட்டு பிறகு வீட்டில ஒருத்தரும் மாவுக்கு எடுக்கேல்லை, இப்பவும் பல்கணியில கிடக்கு.

பம்பலப்பிட்டியிலயிருந்து: கடைசி வரைக்கும் பாடினவரோ, இல்லை எல்லாரையும் போல விருது வாங்கி வீட்டில இருந்தவரோ?

விருதும் வாங்கினவர். 2009 ஜனவரியில ஒபாமா பதவி ஏற்கிறதுக்கு ரெண்டு நாளைக்கு முன்னம் லிங்கன் நினைவு மண்டபத்துக்கு முன்னால, கம்பளித் தொப்பியோட நிண்டு கூட்டத்துக்கு வரி எடுத்துக் குடுத்துக்கொண்டிருந்தார், வயசு 89. பாட்டு வுடி கத்ரியிட "திஸ் லாண்ட் இஸ் யுவர் லாண்ட்", அதில வழமையா ஆக்கள் விட்டிட்டுப் பாடுற சரணங்களையும் விடாமல் பாடவேணும் எண்டுதான் நிண்டவர். 2011இல ரெண்டு கைத்தடி ஊண்டிக்கொண்டு நியூயோர்க்கில வோல் ஸ்ட்ரீட் பணக்காரருக்கு எதிரான இரவு ஊர்வலத்தில நடந்தவர். சனிக்கிழமையில ஊருக்குப் பக்கத்துப் பெருந்தெருவில யுத்தம் வேண்டாம் எண்டு மட்டை பிடிச்சுக்கொண்டு நிக்கிறது தனி. டோஷி 2013 ஜூலையில போக, இவர் 2014 ஜனவரி 27இல போனார், 94 வயசு. சாகிறதுக்குப் பத்து நாளைக்கு முன்னமும் விறகு கொத்தினவராம், பேரன் சொன்னது.